தண்ணீர் பிடிக்கப் போன கால்கள்

சங்கிலிராஜின் கால்கள் அவனை நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன செவ்வாய்க்கிழமையன்று, எட்டுவீட்டு வளவில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு நாளைக்கு அப்புறம் தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அன்றைக்கு அதுதான் பெரிய விஷயம்.

நடந்தது இவ்வளவுதான். காலை பத்தரை மணி. மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, தலையில் ஹெட்செட், கீழே சாயம் போன கட்டம் போட்ட கைலி என்று சங்கிலிராஜ் தன் அறையில் உட்கார்ந்து, திரையில் தெரிந்த பன்னிரண்டு முகங்களுக்கு ஏதோ படம் காட்டி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "தண்ணி வந்துருச்சு!" என்று எதிர்வீட்டுப் பாக்கியத்தக்கா போட்ட சத்தம் வளவு முழுக்கக் கேட்டது. ஆறு வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய கால்கள் விருட்டென்று எழுந்துவிட்டன. அவன் எழவில்லை. எழுந்தால் கைலி தெரியும், கைலி தெரிந்தால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் தான் யாரென்று தெரிந்துவிடும் என்று அவனுக்கு ஒரு கூச்சம்; அந்தக் கூச்சம் இடுப்புக்கு மேலே அவனைப் பிடித்து நாற்காலியில் அமுக்கிக்கொண்டது; ஆகவே கால்கள் மட்டும் போயின. அவன் குனிந்து பார்த்தான். ரத்தம் இல்லை, வலி இல்லை, சட்டையின் விளிம்பு நாற்காலி மெத்தைமேல் மடிப்புக் கலையாமல் படிந்திருந்தது. அடுத்த படத்துக்குப் போனான்.

குழாயடியில் கால்கள் போய் வரிசையில் நின்றன. அவனுடைய அக்கா காளீஸ்வரி இரண்டு குடத்தோடு பின்னால் ஓடிவந்து, கைலியைப் பார்த்தாள், கைலிக்கு மேலே வெறும் வெயிலாக இருந்ததைப் பார்த்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்க எடம் அது, தம்பி நிக்கிறான்ல" என்று முன்னால் போய்க் குடத்தை வைத்தாள். அந்தக் கால்களை அவளுக்குத் தெரியாதா என்ன. நாலு வயதில் அம்மாவைப் பறிகொடுத்த தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்து, குளிப்பாட்டி, அந்தப் பாதங்களில் ஏறிய கருவேல முள்ளையெல்லாம் ஊக்கால் எடுத்தவள் அவள்தான்.

அவன் உட்கார்ந்திருந்த அறையும் அவளுடையதுதான்.

நகரத்தில் வேலையில் இருந்தவனை, இனி அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால், தான் வளர்ந்த இதே வளவிலிருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவன் ராஜ். இங்கே சங்கிலி. முதல் மாதம் கூடத்தில் ஒரு ஸ்டூலில் கம்ப்யூட்டரை வைத்து வேலை பார்த்தான். ஒருநாள் மீட்டிங் நடுவில், மினி பஸ் ஓட்டும் அவன் மச்சான் சோலையப்பன், குளித்துவிட்டு இடுப்பில் ஈரத்துண்டோடு அவனுக்குப் பின்னால் கடந்து போய், கொடியில் துண்டைப் போட்டுவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, திரும்பவும் கடந்து போனார். திரையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "உங்க வீடு நல்லா கலகலன்னு இருக்கு ராஜ்" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம், "கதவு இருக்கிற ரூமு வேணுங்க்கா" என்றான். அந்த வீட்டில் கதவு இருந்தது ஒரே அறைக்குத்தான். மறுநாள் மத்தியானத்துக்குள் காளீஸ்வரி தன் கட்டில், பீரோ, பிள்ளையின் தொட்டில் சேலை எல்லாவற்றையும் கூடத்துக்குக் கடத்திவிட்டாள்.

வீட்டில் அலுவலகம் அமைப்பது எப்படி என்று சங்கிலிராஜ் தேடித்தேடிப் படித்து, ஒன்று விடாமல் செய்தான். மேசை முழங்கை உயரத்துக்கு. திரை கண் மட்டத்துக்கு. வெளிச்சம் முன்னாலிருந்து. பக்கத்தில் ஒரு பச்சைச் செடி. முதுகைத் தாங்கும் சுழல் நாற்காலி. பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டும் என்று போட்டிருந்தது; அறையோ கிளிப்பச்சை. கேமராவுக்குத் தெரிகிற அளவை அளந்து, அஞ்சடிக்கு நாலடி மட்டும் வெள்ளை அடித்தான். மீதிச் சுவர் கிளிப்பச்சையாகவே, சாமி படத்து ஆணிகளோடும், அக்கா மகள் மித்ரா வளர வளரப் பென்சிலில் கோடு போட்ட உயரங்களோடும், கேமராவுக்குத் தெரியாமல் இருந்துகொண்டிருந்தது.

ஒன்றுதான் பாக்கி. நாற்காலி உயரமாக இருந்ததால் கால் தொங்கியது. பாதம் இரண்டும் எதிலாவது நன்றாகப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும் என்று போட்டிருந்தது. காளீஸ்வரி வீடெல்லாம் பார்த்துவிட்டு, பரண்மேல் இருந்த மணைப்பலகையை இறக்கிக்கொண்டு வந்தாள். மூலைக்கு மூலை பித்தளைத் தகடு அடித்த பலாமரப் பலகை. அம்மா கல்யாணத்தில் உட்கார்ந்தது, பிறகு காளீஸ்வரியும் உட்கார்ந்தது. "இத வச்சுக்கடா, அளவா இருக்கும்" என்று மேசைக்கு அடியில் போட்டாள். போடுவதற்கு முன்னால் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, செருப்புக் காலோடு அதன்மேல் பாதத்தைப் பதித்தான். இடுப்புக்கு ரொம்பச் சுகமாக இருந்தது.

அந்தப் பலகையிலிருந்துதான் கால்கள் எழுந்துபோயின.

முதல் இரண்டு நாள் தெருநாய்கள் குரைத்தன, மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டன. வளவுக்காரர்களுக்கு வேறு கவலை. கைலி அவிழ்ந்தால் கட்டிக்கொள்ளக் கை இல்லையே, பொம்பளப் பிள்ளைகள் நடமாடுகிற இடமாச்சே என்று பேசி, பாக்கியத்தக்கா தன் வீட்டுக்காரருடைய பச்சை பெல்ட்டைக் கொண்டுவந்து, இறுக்கி, கடைசி ஓட்டையில் மாட்டிவிட்டாள். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. அப்புறம் கால்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. ரேஷன் கடை வரிசையில் யாருக்காவது இடம் பிடித்து நின்றன. சோலையப்பனின் பழைய மோட்டார் சைக்கிளை, வேறு யார் மிதித்தும் கிளம்பாததை, ஒரே மிதியில் கிளப்பின. மூட்டை தூக்குகிறவர்கள் சாயங்காலம் குப்புறப் படுத்துக்கொண்டு, "சங்கிலி, ஏறி மிதிச்சு விடுப்பா" என்றால், முதுகில் ஏறிப் பதமாக மிதித்துவிட்டன. மூன்று வயது மித்ரா கைலியின் நுனியைப் பிடித்துக்கொள்ள, அவளைப் பால்வாடிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தன. கோயில் வாசலில் தாமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயின என்று கேள்விப்பட்டதும், வளவில் அவற்றின்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. டீக்கடைக்காரர் மட்டும் ரொம்ப நாள் தவித்தார், வந்து நிற்கிறவனுக்கு டீயை எங்கே கொடுப்பது என்று. கடைசியில் டீயை வீட்டுக்கு அனுப்பினார்.

நாளடைவில் பெயரும் பிரிந்துவிட்டது. தெருவில் திரிகிறது சங்கிலி. உள்ளே உட்கார்ந்திருக்கிறது ராஜ். "சங்கிலி எங்க?" என்று கேட்டால் குழாயடியையோ ரேஷன் கடையையோ காட்டினார்கள். கதவை யாரும் காட்டவில்லை.

கதவுக்குப் பின்னால் சங்கிலிராஜுக்கு எல்லாம் கேட்டது. தன் கால்களைக் கொஞ்சுகிறார்கள், கேலி செய்கிறார்கள், வையவும் செய்கிறார்கள். தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதலில் சாயங்காலமானால் கால்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். பாதத்தில் எங்கெங்கோ மிதித்த சேறு, யார் வீட்டு வாசலிலோ ஒட்டிய கோலமாவு. எங்கே போய்வந்தோம் என்று தனக்கே தெரியாமல் அவன் அதைக் கழுவுவான், கழுவும்போது வெட்கமாக இருக்கும். அப்புறம் அயல்நாட்டு மீட்டிங்குகள் சாயங்காலத்துக்கும் நீண்டன. கால்கள் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, போய் மச்சானின் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டன. அவனும் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டான். எழுந்திருக்கவே வேண்டியதில்லை என்பதால் வேலை கனஜோராக நடந்தது. அந்த அரையாண்டில் குழுவிலேயே அதிகம் வேலை முடித்தவன் என்று அவன் பெயரைத் திரையில் போட்டுக் கைதட்டினார்கள். அவன் புன்னகைத்தான். கால் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அங்கே இருக்கப் பிடிக்காமல் எழுந்து போயிருப்பான்.

மித்ரா மட்டும் அவ்வப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாள். நீலச் சட்டையும் ஹெட்செட்டுமாக அவன் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்" என்பான். பின்னாலேயே காளீஸ்வரி ஓடிவந்து, "மாமாக்கு மீட்டிங்குடி" என்று பிள்ளையை அள்ளிக்கொண்டு போவாள். விழுந்து முட்டி சிராய்த்து அழுதுகொண்டே வந்த அன்றைக்கும் இதேதான். நாள் போகப்போக, யாரும் சொல்லாமலே, கதவைப் பார்த்ததும் பிள்ளை தானே உதட்டில் விரல் வைத்துக்கொண்டு கடந்து போகப் பழகிவிட்டது. நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

வைகாசி மாதம் குலதெய்வம் கருப்பசாமி கோயிலில் மித்ராவுக்குக் காது குத்துவது என்று நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவது. தாய்மாமன் என்று அந்தப் பிள்ளைக்கு இருப்பது இவன் ஒருத்தன்.

"லீவு சொல்லிருடா தம்பி, ஒரு நாளுதான்" என்றாள் காளீஸ்வரி.

சொல்ல உட்கார்ந்தான். என் அக்கா மகளுக்குக் காது குத்துகிறார்கள், அவள் என் மடியில் உட்கார வேண்டும் என்று இங்கிலீஷில் அடித்தான். படித்துப் பார்த்தான். கிடா வெட்டு, மொட்டை, பொட்டலில் ஒரு சாமி எல்லாம் அந்த இரண்டு வரிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அழித்தான். குடும்ப விசேஷம் என்று அடித்தான். என்ன விசேஷம் என்று கேட்டால்? அதையும் அழித்தான். மூன்று நாள் அடித்து அடித்து அழித்துவிட்டு, கடைசியில் கூடத்தைப் பார்த்து, "லீவு தர மாட்டேங்கிறாங்கக்கா, அன்னைக்கு முக்கியமான மீட்டிங்கு" என்று சத்தம் போட்டுச் சொன்னான். யாரும் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் கேட்கவே இல்லை.

காளீஸ்வரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு கதவோரம் வந்து, அவன் மனது கஷ்டப்படக் கூடாதே என்ற குரலில், "சரிடா, என்ன இப்ப. மடிதான வேணும், காலு வரும்ல. நீ வேலையப் பாரு" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, கரிசல் காட்டு நடுவில் உடைமரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. சோலையப்பன் தன் தம்பியிடம் போனைக் கொடுத்து, "மாப்ள பாக்கட்டும், இப்பிடியே புடிச்சுக்க" என்று சொல்லியிருந்தார். அறையில் சங்கிலிராஜ் தன் போனைத் திரைக்குப் பக்கத்தில் செடித்தொட்டியில் சாய்த்துவைத்து, ஒரு காதில் அதன் சத்தத்தை மட்டுக்கு வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கால்கள் முன்னமே எழுந்து போயிருந்தன. போகும்போது அறைக்குள் வந்து, மணைப்பலகையை மேசைக்கு அடியிலிருந்து பாதத்தாலேயே தள்ளித்தள்ளி வெளியே கொண்டுபோய்விட்டன. காளீஸ்வரி அதைக் கழுவி மஞ்சள் பூசியிருந்தாள். புது வேட்டி கட்டிய கால்கள் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. மச்சான் வழிப் பெரியவர் கொண்டல்சாமிக்கு ஒரு சந்தேகம்.

"ஏப்பா, இது செல்லுமா?"

"தாய்மாமன் மடின்னுதான பெரியப்பா சொல்லியிருக்கு" என்றார் சோலையப்பன். "மூஞ்சின்னா சொல்லியிருக்கு?"

"அதுஞ்சரித்தான்."

பூசாரியும் யோசித்துவிட்டு, நெற்றி இல்லாததால் முழங்காலில் விபூதி பூசினார். தாய்மாமனுக்கு உண்டான மாலையை இரண்டு முழங்காலையும் சேர்த்துப் போட்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மித்ராவைக் கொண்டுவந்து மடியில் வைத்தபோது, பிள்ளை கொஞ்சமும் மிரளவில்லை, தினமும் தன்னோடு பால்வாடிக்கு வருகிற கால்தானே என்று சவுகரியமாக உட்கார்ந்துகொண்டது. காது குத்த வந்த பத்தர் கம்பியை எடுத்து, "தலையப் புடிங்க" என்று பழக்கத்தில் மடிக்காரனிடம் சொல்லிவிட்டு, அங்கே கை இல்லாததைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். காளீஸ்வரி முன்னால் வந்து பிடித்தாள். வலது காதில் கம்பி இறங்கியது.

மித்ரா வீறிட்டாள். வலி தாங்காமல் அம்மா கையை உதறி, எந்தப் பிள்ளையும் செய்கிற மாதிரி, உட்கார்ந்த மடியிலேயே திரும்பி, கட்டிக்கொள்வதற்காக இரண்டு கையையும் மேலே தூக்கினாள். கைகள் காற்றில் போய் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அண்ணாந்து பார்த்தாள். உடைமரமும் வானமும்தான் இருந்தன. கால்கள் என்ன செய்யும், முழங்காலைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தன. பிள்ளை தூக்கிய கையை இறக்காமலே, "மாமா எங்க? மாமா மேல எங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதது.

சங்கிலிராஜ் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுபோனான்.

"ராஜ், ஏதாவது பிரச்சினையா?" என்றாள் மேலாளர், முன்னொரு நாள் வீடு கலகலன்னு இருக்கு என்று சொன்ன அதே பெண்.

அவன் சொல்லிவிட்டான். அக்கா மகளுக்குக் காது குத்துகிறார்கள் என்று, தன் மடி மட்டும் அங்கே போயிருக்கிறது என்று, தான் போக வேண்டும் என்று, இலக்கணமெல்லாம் தப்பும் தவறுமாக, பன்னிரண்டு முகத்துக்கும் முன்னால் சொல்லிவிட்டான்.

"அடடா, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே! போங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அவள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கக்கூடியது அது. அந்தச் சுலபம்தான் அவன் முகத்தில் அறைந்தது. மூன்று நாள் அடித்து அழித்தது, அக்காவிடம் பொய் சொன்னது எல்லாம் சேர்ந்து காது மடல்வரை சுட்டது.

நாற்காலியிலிருந்து பொத்தென்று விழுந்தான். கையை ஊன்றி ஊன்றிக் கதவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி வளவுக்கு வந்தான். எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்க, பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டால் போக முடியாமல் பாக்கியத்தக்கா மட்டும் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"ஒரு வழியா எந்திரிச்சியாக்கும்" என்று, தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற மாதிரி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருமுனை ஆட்டோவுக்கு நடந்தாள். கோயில் எல்லை வரைக்கும் கூடவே வந்து, எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று, சோலையப்பன் கையில் அவனைக் கொடுத்தாள்.

இடது காது பாக்கி இருந்தது. பிள்ளை யாரையும் கிட்டே விடவில்லை என்று பத்தர் கம்பியோடு காத்துக்கொண்டிருந்தார். அவனைக் கொண்டுவந்து கால்களின்மேல் பொருத்தி உட்கார வைத்தார்கள். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது, பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். ஒருத்தரும் ஒரு சொல் கேட்கவில்லை. கொண்டல்சாமி முழங்காலில் கிடந்த மாலையை எடுத்து, உதறி, அவன் கழுத்தில் போட்டார். காளீஸ்வரி வியர்த்திருந்த அவன் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, தலையைப் பிடித்துக்கொண்டான்.

மித்ரா அண்ணாந்து அவனைப் பார்த்தாள். நீலச் சட்டையைப் பார்த்தாள். அவசரத்தில் கழற்றாமல் கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

பத்தர் கம்பியை இறக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, சின்ன விரல்கள் அவன் சட்டைப் பொத்தானைத் திருகின. வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

"அழுடா தங்கம்" என்றான் சங்கிலி. "வலிக்குதுல்ல, அழுடா."

பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டியது.

"மாமாக்கு மீட்டிங்" என்று ரகசியமாகச் சொன்னது.

"மீட்டிங் இல்லடா. மீட்டிங்கெல்லாம் இல்ல. சத்தம் போட்டு அழுடா." ஹெட்செட்டைப் பிடுங்கிக் காட்டில் எறிந்தான். பிள்ளை அது போய் விழுந்த திசையைப் பார்த்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தது. நம்பவில்லை. அவன்தான் அழுதான். அத்தனை சனத்துக்கும் நடுவில், மாலையும் கழுத்துமாக, அம்மா செத்த அன்றைக்கு அழுததைப் போல வாய்விட்டு அழுதான்.

மித்ரா பதறிப்போய், கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல நாலாபக்கமும் பார்த்தாள். பிறகு ஈரமான விரலை அவன் உதட்டில் வைத்து, "ஷ்ஷ்" என்றாள்.